ஓமப் புகையும் நீல விளக்கும்

தியேட்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு உங்கள் பணி அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொஞ்சம் உற்சாகம் தருகிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? ஆயுசில் பாதியை ஆபரேஷன் தியேட்டரில் நின்றே கழித்தவள். காலில் சுருண்ட நரம்பும் வாயில் கசப்பும்தான் மிச்சம். நரம்புக்கு மாத்திரை இருக்கிறது. கசப்பை உங்களிடம்தான் இறக்கி வைக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற ஊதா விளக்கைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள், நான் நீட்டப் போவதில்லை. பூட்டிக் கிடக்கிற காலி அறையில் எரிந்து கிருமியைக் கொல்ல வேண்டிய விளக்கு அது. பார்க்க மெல்லிய நீலமாக, பரம சாதுவாக இருக்கும். கொல்லுகிற கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆள் மேல் பட்டால் அந்த நேரத்தில் சூடும் தெரியாது, சுருக்கென்றும் இருக்காது. அரை நாள் கழித்துத்தான் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிய ஆரம்பிக்கும். முகம் வெயிலில் வெந்தது போலச் சிவக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே தணிந்துவிடும். விளக்கைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நான் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். பெயரெல்லாம் வேண்டாம். அதை நடத்திய சர்ஜனைச் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கை நல்ல கை, அதை மறைக்க மாட்டேன். வயிற்றைத் திறந்துவிட்டு ரத்தம் பீறிட்டாலும் பதறாமல் வேலை செய்வார். ஆனால் புதுச் சாமான் ஒன்றை வாங்கிவிட்டால் சின்னப் பிள்ளையாகிவிடுவார். நாலு பேர் அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அந்த வருஷம் மாடியில் புது தியேட்டர் கட்டி, சுவரில் நீல விளக்கை மாட்டினார்.

"இனிமே ஃபார்மலின் பொகையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் சிஸ்டர். ராத்திரி சுவிட்சப் போட்டுட்டுப் போனா காலைல ரூம் பளிங்கு மாதிரி இருக்கும்" என்று என்னிடமும் சொன்னார், பார்க்க வந்த மருந்துக் கம்பெனிக்காரர்களிடமும் சொன்னார். வெளிச்சம் விழாத மூலையில் கிருமி சுகமாகத்தான் இருக்கும், கழுவித் துடைக்கிற வேலையை எந்த விளக்கும் செய்யாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அந்தக் கழுவித் துடைக்கிற வேலையைச் செய்தவள் பஞ்சவர்ணம். தியேட்டர் ஆயா. அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரின் காலனியில் இருந்து பஸ் பிடித்து வருவாள். அவளுடைய அம்மாவும் அம்மாச்சியும் ஊர்க்காரர்களின் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். இவள்தான் அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகக் கூரைக்குக் கீழே, காலில் செருப்போடு, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். அந்த வேலை கையில் இருக்கும்வரை யாரும் அவளை வயலுக்கு வா என்று அதட்ட முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே தரையைத் தேய்க்கிற பிரஷ்ஷைக்கூட வேறு ஆள் தொட விடமாட்டாள்.

எனக்கும் அவளுக்கும் நாள் முழுக்க வாய்ச் சண்டைதான். நான் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் வேறு பாஷை. "வீட்டுல ஒரு பாஷ, இங்க ஒரு பாஷ. ஆனா என்னையத் திட்டுறப்ப மட்டும் சிஸ்டருக்குத் தமிழு எம்புட்டுச் சுத்தமா வருது பாருங்க" என்று வார்டே கேட்கிற மாதிரி சொல்லுவாள். சிரிக்காமல் இருக்க நான் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

திறப்பு விழாவுக்குக் கணபதி ஓமம் ஏற்பாடாயிற்று. எங்கே? ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே. அதற்கு முன்னால் அறைக்கு ஃபார்மலின் புகையும் போட வேண்டும் என்றார், ஃபார்மலினே வேண்டாம் என்ற அதே சீஃப். ஓமம் முடிந்து கழுவிய பிறகு போடலாமே சார் என்றேன். "சாமி வர்ற எடம் சுத்தமா இருக்க வேணாமா?" என்றார். சாமிக்கு எந்தக் கிருமி தொற்றப் போகிறது என்று நாக்கு நுனி வரை வந்தது.

நானும் பஞ்சவர்ணமும் புகை போட்டோம். கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டி மூடி, ஃபார்மலின் ஆவியை உள்ளே நிறுத்தி வைப்பது வழக்கம். அப்புறம் திறந்து, அம்மோனியா வைத்து, அந்த நெடியைப் போக்க வேண்டும். நெடி போகாத அறைக்குள் கால் வைத்தால் அந்த நொடியே கண்ணும் மூக்கும் பிய்த்துக்கொண்டு ஊற்றும், காத்திருக்கவே வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகு நானே உள்ளே போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். கண் கரிக்கவில்லை, மூக்கு உறுத்தவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடிந்ததும் ஓமம். செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, சமித்தும் சாண வறட்டியும் போட்டு நெய்யை ஊற்றினார்கள். சுவரில் கிருமியைக் கொல்கிற விளக்கு, தரையில் சாண வறட்டி! தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கை வரவில்லை. சீஃபின் சொந்தபந்தம், குழந்தை குட்டி எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சிம்மக்கல் வெல்ல மண்டி முதலாளி ஒருவர். அவருக்குக் குடலிறக்கம், அதற்கு அடுத்த நாள் காலையில் அந்த தியேட்டரின் முதல் ஆபரேஷனே அவருக்குத்தான். ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கிக்கொண்டு வந்து அட்மிட் ஆகியிருந்தார்.

சீஃப் உள்ளே வந்ததும் முதல் வேலையாக நீல விளக்கைப் போட்டார்.

"சார், ஆளு இருக்கப்ப அது எரியக் கூடாது. மாட்ட வந்தவரே சொல்லிட்டுப் போனாரு" என்றேன்.

"சிஸ்டர், அது கிருமியக் கொல்ற லைட்டு. மனுசனக் கொல்ற லைட்டு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நேரே போய் சுவிட்சை அணைத்தேன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவில் இருந்து தலையைத் தூக்கினார்.

"சார், நீலம் போனதும் டல்லடிக்குது சார். அந்தப் பொகையில அது விழுந்தப்ப அப்பிடியே கைலாசம் மாதிரி இருந்துச்சு."

சீஃப் எழுந்து வந்து தன் கையாலேயே மறுபடி போட்டார். "கீழ வார்டுல பேஷண்ட் இருக்காங்க, போய்ப் பாருங்க சிஸ்டர்" என்று என்னை அனுப்பிவைத்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணமும் உள்ளேதான் இருந்தாள். தீ தாவினால் அணைக்க ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்குமாக ஓர் ஆள் வேண்டும் என்று அவளை நிறுத்தியிருந்தார்கள். அணைக்க வேண்டியவள் தீக்குப் பக்கத்தில்தானே நிற்க வேண்டும்? "அந்தா, அந்த ஓரமா, சொவத்தோட ஒட்டி நில்லுத்தா" என்று சீஃப் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டினாராம். ஏன் ஓரம் என்று அவளும் கேட்கவில்லை, கூட இருந்தவர்களும் கேட்கவில்லை. ஓமத்தில் அவள் நிழல் விழக்கூடாது, அவ்வளவுதான். அந்தச் சுவரில்தான் விளக்கு இருந்தது, அவள் தலைக்குச் சற்று மேலே. ஓமம் முடிந்து எல்லோரும் கேசரி தின்னப் போன பிறகும் அந்த வெளிச்சத்திலேயே சாம்பலை அள்ளி, நெய்ப் பிசுக்குப் போகத் தரையைத் தேய்த்திருக்கிறாள். மத்தியானம் நான் மேலே வந்தபோதுதான் விளக்கை அணைத்தேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆபீஸ் போன் அலறத் தொடங்கியது. முதலில் ஓமம் பண்ணிய ஐயர் வீடு. அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அடுத்து சீஃபின் மச்சினர் வீடு. குழந்தை வீரிட்டு அழுகிறது, கண்ணில் தாய்ப்பால் பீச்சலாமா, விளக்கெண்ணெய் விடலாமா என்று கேட்டார்கள். "ஒரு சொட்டு எதுவும் விடாதீங்க!" என்று கத்தினேன். அறையை இருட்டாக்குங்கள், சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து மூடிய கண் மேல் போடுங்கள், கசக்க விடாமல் கண் டாக்டரிடம் கொண்டு போங்கள் என்றேன். மாடியில் அட்மிட் ஆகியிருந்த முதலாளி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கண் நோய் பரவிவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கூப்பிட்ட எல்லோரிடமும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எப்போது ஆரம்பித்தது? காலையில் புகைக்குக் கண் கலங்கியது, வெளியே வந்ததும் சரியாகிவிட்டது, மறுபடி எரிய ஆரம்பித்தது சாயங்காலம்தான் என்று ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள். எனக்கு அத்தோடு விஷயம் விளங்கிவிட்டது. ஃபார்மலின் நெடி என்றால் அறைக்குள் நுழைந்ததுமே ஓட ஓட விரட்டியிருக்கும். புகையென்றால் வெளிக்காற்றில் தணிந்திருக்கும். தாமதமாக வந்து கடிக்கிறது அந்த விளக்குதான். பிள்ளைகளா, கூச்சல் குழப்பத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவார்கள். நீங்கள் நேரத்தைக் கேளுங்கள்.

பஞ்சவர்ணத்தைத் தேடிப் போனேன். ஆபரேஷன் சாமான்களை வேக வைக்கிற அறையில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்த்திப் பார்த்தால் இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கிடக்கிறது, நெற்றியும் மூக்கும் கன்றிச் சிவந்திருக்கிறது. மற்ற யாருக்கும் இவ்வளவு இல்லை.

"ஓமப் பொக எனக்கு ஒத்துக்கல போல சிஸ்டர். வீட்டுக்குப் போறேன், பஸ்ல மட்டும் ஏத்திவிட்ருங்க" என்றாள்.

"கண்ணு தெரியாம எங்கடி போவ? பேசாம படு" என்று வார்டில் ஒரு கட்டிலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டேன்.

காலையில் சீஃப் வந்தார். கறுப்புக் கண்ணாடி, டிரைவர் தோளில் ஒரு கை. முதலாளியின் நேரம் தவறக் கூடாது, தியேட்டரை ரெடி பண்ணுங்கள் என்றார். வறட்டிச் சாம்பலை வாரிய அறை, சர்ஜனுக்குக் கண் தெரியவில்லை, மேஜையில் ஒரு மனிதரின் வயிறு. சண்டை போட்டால் கேட்கிற ஆள் இல்லை அவர். ஒரு தையல் ஊசியையும் நூலையும் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"கண்ணாடியக் கழட்டிட்டு இதக் கோத்துக் குடுங்க சார். மறுபேச்சு இல்லாம நான் கை கழுவிட்டு வந்து நிக்கிறேன்."

முறைத்தார். முறைக்கக்கூட அவரால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. நூலை நாக்கில் நனைத்து நீட்டினார், அது ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. கடைசியில் ஊசியை மேஜையில் வைத்துவிட்டார்.

"லைட்டுதான் சார்" என்றேன்.

"தெரியும்" என்றார். "ராத்திரியே கண் டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய மூச்சு விடாதீங்க சிஸ்டர்."

ஆபரேஷன் நின்றது. அந்த மட்டும் ஓர் உயிர் பிழைத்தது என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதலாளி விடுவாரா? கண் எரிச்சலைவிட அவருக்கு நேரம் தவறிய எரிச்சல் பெரிது. நல்ல நேரத்தில் கத்தி படாமல் போனதற்கு யார் பொறுப்பு, இப்போதே தெரிந்தாக வேண்டும் என்று சீஃப் அறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். மச்சினரும் வந்தார். தட்சிணை வாங்க வந்த ஐயரும் மாட்டிக்கொண்டார். என்னைத் தவிர அங்கே இருந்த அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டாலும் கர்ச்சீப்பாலும் ஆளாளுக்கு ஒற்றி எடுத்துக்கொண்டு இருந்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால் இழவு வீடு என்றுதான் நினைப்பார்கள்.

"ஓமப் பொகையா இருக்குமோ மாப்ள?" என்று ஆரம்பித்தார் மச்சினர்.

ஐயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மீசை மொளச்ச நாள்லேர்ந்து ஓம குண்டத்து முன்னாடி ஒக்காந்திண்டிருக்கேன். என்னிக்காவது எனக்குக் கண் போயிருக்கா? பகவான் காரியத்து மேல பழி போடாதீங்கோ." முதலாளி பயந்து போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புகை தப்பித்தது.

"அப்ப புதுப் பெயிண்ட்டு நெடிதான்" என்றார் முதலாளி. பெயிண்ட் காண்டிராக்ட் எடுத்தவர் மச்சினர். "யண்ணே, என் வீட்டுக்கே அதத்தாண்ணே அடிச்சிருக்கேன்" என்று எகிறினார். பெயிண்ட்டும் தப்பித்தது.

"லைட்டு..." என்று நான் வாயைத் திறந்தேன். சீஃப் மேஜையில் ஓங்கித் தட்டினார். "ஃபாரின்ல அம்புட்டு ஆஸ்பத்திரியிலயும் இருக்குற லைட்டு அது!" என்றார். விளக்கும் தப்பித்தது.

மறுபடி துண்டும் கர்ச்சீப்பும் கண்ணுக்குப் போயின. பிறகு சீஃப், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், "ஃபார்மலின் சரியா வெளியேறல போல. பொக போட்டது யாரு?" என்றார்.

"நானும் பஞ்சவர்ணமும்" என்றேன்.

நான் சொன்னதில் 'நானும்' என்பது யார் காதிலும் விழவில்லை. அவளைக் கூப்பிடச் சொன்னார்கள்.

வார்டு நர்ஸ் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கதவு நிலையில் தோள் இடித்து உள்ளே வந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் பீரோவைப் பார்த்துக் கும்பிட்டாள் பஞ்சவர்ணம். மூடிய இமைக்குள் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, மருந்து நெடி போற மட்டும் தொறந்து வச்சியா, இல்லையா?" என்றார் சீஃப்.

"வச்சேன் சார். சிஸ்டரும் உள்ள வந்து பாத்தாக."

"அப்ப எதுக்கு இந்த அழுக அழுவுற?" என்றார் முதலாளி, தன் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டே. "தப்புப் பண்ணாதவ எதுக்கு அழுகணும்?"

"அழுகலய்யா. தண்ணி தானா வருது."

"நல்லாருக்கே கத!" என்று மூக்கை உறிஞ்சினார் மச்சினர். அவர் கர்ச்சீப் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நெடி இல்லன்னு உள்ள நின்னு பாத்தவ நான். எரிச்சல் எப்ப வந்துச்சு, சாயங்காலம்தான? சுவிட்சப் போட்டது யாரு? இவள அந்த லைட்டுக்குக் கீழ நிறுத்துனது யாரு? எல்லாரும் பாத்தீங்கள்ல, சொல்லுங்க!" என்று கத்தினேன். ஐயர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். "நான் கண்ண மூடி ஜபத்துல இருந்தேன்மா" என்றார். மச்சினர் செருப்பைத் தேடினார்.

"அவ மூஞ்சியப் பாருங்க. பக்கத்துல நின்னவளுக்குத்தான் அதிகமா வெந்திருக்கு" என்றேன்.

"அதான சிஸ்டர் நாங்களும் சொல்றோம்" என்றார் முதலாளி. "மருந்த அதிகமாத் தொட்டவ அவதான? அதான் அவளுக்கு அதிகம்."

நான் கொடுத்த சாட்சியத்தை வாங்கி அவள் தலையிலேயே போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் எனக்கே சத்தமாக மட்டும்தான் கேட்டது.

அப்போது பஞ்சவர்ணம் ஒரு காரியம் செய்தாள். குரல் வந்த திசையைக் கணக்குப் பண்ணி, இந்த முறை சீஃபைப் பார்த்தே கும்பிட்டாள். "நாந்தான் போல சார். தெரியாம ஆகிப்போச்சு. மன்னிச்சுக்கங்க. வேலைய விட்டு மட்டும் நிறுத்திறாதீக."

பழியை ஏற்றுக்கொண்டால் வேலையை விட்டுவைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பாவி மகள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். "இப்படிப்பட்ட ஆள தியேட்டர்ல வச்சிருக்க முடியாதுல்ல" என்றார் சீஃப், முதலாளியின் முகத்தைப் பார்த்தபடி. அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பினார்கள். ஈரத்துணியைக் கண்ணில் கட்டி, அலங்காநல்லூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி உட்கார வைத்தேன்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்தார். விளக்கின் சுவிட்சை அறைக்குள் இருந்து கழற்றி, கதவுக்கு வெளியே மாட்டி, மேலே ஒரு சிவப்பு பல்பும் வைத்தார். விளக்கு எரியும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதவும் சொல்லியிருந்தார் சீஃப். நான் அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஃபார்மலின்ல வந்த எரிச்சலுக்கு எதுக்கு சார் லைட்டு சுவிட்ச மாத்துறீங்க?"

"நீங்க கெட்டிக்காரி சிஸ்டர்" என்றார். "கெட்டிக்காரிக்கு எப்ப வாய மூடணும்னும் தெரியணும்."

அதற்கப்புறம் அங்கே யாருக்கும் கண் எரியவில்லை. ஆஸ்பத்திரி பாடம் படித்துக்கொண்டது, ஓர் ஆளை விழுங்கிவிட்டு. வீடியோவை கேசட் போட்டு, வரவேற்பறை டிவியில் ஓட விட்டார்கள். நீலப் புகைக்குள் சீஃப் கும்பிட்டு நிற்பதைப் பார்த்து வந்தவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஏதாவது தப்பு நடந்தால் கமிட்டி போட்டுக் கூட்டம் கூட்டுவார்கள். டீ, பிஸ்கட் எல்லாம் வரும். அந்தக் கூட்டத்தில் உட்காரும்போது பேச்சு யாரிடமிருந்து யாரிடம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். ஐயருக்குப் பகவான் இருந்தார், மச்சினருக்கு மாப்பிள்ளை இருந்தார், விளக்குக்கு சீஃப் இருந்தார். கேட்க நாதி இல்லாத ஆளிடம் வந்துதான் பேச்சு நின்றது. அப்படி நிற்கிற இடத்தை முடிவு என்று நம்பிவிடாதீர்கள். அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம்பாமல் இருந்து சண்டை போட்டாலும் சில நாள் தோற்றுத்தான் போவீர்கள். நான் தோற்றேன்.

அங்கே நான் அப்புறம் இருக்கவில்லை. அதை வீரம் என்று நினைத்துக் கைதட்ட வேண்டாம். படித்த சர்டிபிகேட் கையில் இருந்தது, ஊருக்குள்ளேயே வேறு ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பஞ்சவர்ணத்துக்கும் கேட்டேன். "யாரு, எல்லார் கண்ணையும் கெடுத்துச்சே, அந்த ஆயாவா? வேணாம் சிஸ்டர்" என்றார் மேனேஜர். இன்னும் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன். நான் போவதற்கு முன்னாலேயே அவள் பெயர் அங்கேயெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர் பஸ் ஏறி, விசாரித்து அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் இல்லை, களை எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். வாய்க்கால் ஓரமாக நடந்து போய்க் கூப்பிட்டேன். சேலையைத் தூக்கிச் செருகி, முட்டு வரை சேற்றோடு வந்து கரையேறினாள். கொஞ்ச நாளிலேயே ஆள் கறுத்து, வற்றிப்போயிருந்தாள்.

"ஏத்தா சிஸ்டரு, இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கீக?" என்று சிரித்தாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது மூணாம் நாளே சரியாப்போச்சு" என்றாள்.

சுவிட்சை வெளியே மாற்றியதைச் சொன்னேன். "லைட்டுதான்னு சீஃபுக்குத் தெரியும் பஞ்சவர்ணம். உன்னையக் கூப்புடுறதுக்கு முன்னாடியே எங்கிட்ட அவர் வாயாலேயே சொன்னாரு. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நெசமாவா?" என்றாள். "நான் அம்மோனியா வைக்க மறந்துட்டேனோ, கதவ ஒழுங்காத் தொறக்கலையோன்னு ராவும் பகலும் நெனச்சு நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். அந்தப் பச்சப்புள்ள கண்ணு என்னாலதான் எரிஞ்சுச்சுன்னு நெனச்சு சோறு எறங்கல எனக்கு. தெரிஞ்சுக்கிட்டேவா சொன்னாரு?"

"தெரிஞ்சுக்கிட்டேதான்."

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். கோபப்படுவாள், சீஃபைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். வயல் பக்கம் இருந்து "அங்க என்னத்தா பேச்சு?" என்று ஓர் ஆண் குரல் அதட்டியது. "வாரேன்" என்று குரல் கொடுத்தவள், இறங்கப் போன இடத்தில் நின்றாள்.

"ஏன் சிஸ்டர், அன்னிக்கு அந்த ரூம்புல அம்புட்டுப் பேரும் கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான இருந்திருப்பாக? எங்கண்ணு தொறக்கல, ஆனா எல்லாரும் மூக்க உறியிற சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுப் பேரு கண்ணுலயும் வந்தது தண்ணி. எங்கண்ணுல வந்தது மட்டும் எப்படிக் குத்தமாச்சு?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள். நான் என் வாயால் சொல்லட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் அந்தக் குரல் அதட்டியது, அவள் சேற்றில் இறங்கிப் போனாள்.